புறாவைத் துரத்துமுன் கோழிக்கூட்டைப் பாருங்கள்

பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி அயல்நாடொன்றிலிருந்து வந்துவிட்டால் போதும். மறுநாளே எமது வட்ஸ்அப் குழுமங்களில் புறாக்களின் படங்கள் வலம் வரத் தொடங்கிவிடும். பள்ளிவாசல் மினாராவில் தங்கும் புறாக்களை உடனே அகற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதுவார். வீட்டில் புறா வளர்ப்பவர்கள் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று இன்னொருவர் குரல் பதிவு அனுப்புவார். உண்மையா, பொய்யா என்று பாராமல் நூறு பேர் அதைப் பகிர்வார்கள். 2024 ஏப்ரலில் கேரளாவின் ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவா, செறுதனை ஆகிய இடங்களில் வாத்துகளுக்கு எச்5என்1 வைரஸ் தொற்றியது உறுதி செய்யப்பட்டபோதும் இதுவே நடந்தது. அங்கே இறந்தவை வாத்துகள். இங்கே பழி விழுந்தது புறாக்கள் மீது.

அந்த நாட்களில் என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் பத்தாம் தர மாணவர் ஒருவர் இடைவேளையில் வந்து கேட்டார்: "சேர், புறா எல்லாத்தையும் ஒரு கிழமைக்குள்ள யாருக்காவது குடுத்துடச் சொல்லி வாப்பா சொல்றாரு. பக்கத்து வீட்டு ஆக்கள் வந்து சண்டை புடிச்சிட்டாங்க. உண்மையிலேயே புறாவால அந்தக் காய்ச்சல் வருமா சேர்?" அவரிடம் முப்பது புறாக்கள் வரையில் இருந்தன. விசாரித்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. அதே வீட்டின் குசினிக்குப் பின்னால் எட்டு ஊர்க்கோழிகள் நாள் முழுவதும் அவிழ்ந்து திரிகின்றன. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கோழிகளைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கால்நடை வைத்தியர் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இருபது வருடங்களாக விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் மாத்திரமே. ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை கூறும் ஆய்வுகள் உலகில் தாராளமாக இருக்கின்றன. அவற்றை வாசித்துத் தெளிவாகக் கூறுவது ஆசிரியரின் வேலை. சுருக்கமான விடை இதுதான்: புறாவுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றக்கூடும், ஆனால் இலகுவில் தொற்றாது. தொற்றினாலும் அது மற்றப் பறவைகளுக்கோ மனிதருக்கோ பரப்புவது மிகக் குறைவு. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நாம் புறாவைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்த இடம் கண்ணில் படாமல் போகிறது.

வைரஸின் சொந்த வீடு

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்புளுவென்சா ஏ வகை வைரஸ். இதன் இயற்கையான இருப்பிடம் காட்டு நீர்ப்பறவைகள். வாத்து, தாரா, கடற்காக்கை போன்றவற்றின் குடலில் இந்த வைரஸின் பல வகைகள் பெரிய தீங்கு செய்யாமல் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அவை எச்சத்தோடு வெளியேறி நீர்நிலைகளில் கலக்கின்றன. அங்கிருந்து வீட்டு வாத்துக்கும் கோழிக்கும் செல்கின்றன. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கமாக அடைக்கப்பட்ட இடத்தில் எச்5, எச்7 ஆகிய இரு வகைகளும் சிலவேளை உருமாறி, ஓரிரு நாட்களில் முழுப் பண்ணையையும் அழிக்கும் கொடிய வடிவத்தை எடுக்கின்றன.

இன்று உலகை அச்சுறுத்தும் எச்5என்1 வைரஸின் மூதாதை 1996 இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் கண்டறியப்பட்டது. மறு வருடம் ஹொங்கொங்கில் 18 மனிதருக்கு இது தொற்றியது. ஆறு பேர் இறந்தனர். அவ்வருட இறுதியில் ஹொங்கொங் அரசாங்கம் ஏறத்தாழ 15 இலட்சம் கோழிகளைக் கொன்று அந்தத் தொற்றை நிறுத்தியது. 2003 முதல் 2025 வரை உலகெங்கும் 950 க்கும் அதிகமான மனிதருக்கு எச்5என்1 தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்தின் பதிவுகள் கூறுகின்றன. அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இறந்துவிட்டனர். இது இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடிய நோயல்ல. அதனாலேயே, எந்தப் பறவையைக் கவனிக்க வேண்டும் என்பதில் நாம் சரியாக இருக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் புறா

ஹொங்கொங்கில் மனிதரைக் கொன்ற அதே 1997 ஆம் ஆண்டு வைரஸை அமெரிக்க ஆய்வாளர்கள் புறாக்களின் மூக்கினுள் செலுத்திப் பார்த்தார்கள். புறாக்கள் நோய்வாய்ப்படவில்லை. அதே வைரஸ் கோழிகளை விரைவில் கொல்லக்கூடியது.

ஆனால் வைரஸ் மாறிக்கொண்டே போகிறது; ஆகவே ஒரு ஆய்வோடு முடிவுக்கு வர இயலாது. 2003 இல் இந்தோனேசியக் கோழியிலிருந்து எடுக்கப்பட்ட எச்5என்1 வைரஸை ஜெர்மன் ஆய்வாளர்கள் 14 புறாக்களுக்குக் கொடுத்தார்கள். கண்ணிலும் மூக்கிலும் மிகப் பெரிய அளவில் வைரஸ் செலுத்தப்பட்டது. ஒப்பிடுவதற்காக ஐந்து கோழிகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. ஐந்து கோழிகளும் இரண்டே நாட்களில் இறந்துவிட்டன. 14 புறாக்களில் இறந்தவை மூன்று. அந்த மூன்றுக்கும் மூளை, நரம்பு பாதிக்கப்பட்டு வாதம் ஏற்பட்டிருந்தது. ஆகவே "புறாவுக்கு இந்த நோய் வரவே வராது" என்று சொல்பவரும் பிழை. "புறாவும் கோழியும் ஒன்றுதான்" என்று சொல்பவரும் பிழை.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றிருக்கிறது. நோய்ப்பட்ட புறா அதை மற்றப் பறவைக்குக் கொடுக்குமா? இதற்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள். வைரஸ் செலுத்தப்பட்ட புறாக்களுடன் ஆரோக்கியமான கோழிகளை ஒரே கூட்டில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். இத்தகைய பல பரிசோதனைகளில் அந்தக் கோழிகளுக்கு நோய் தொற்றவில்லை. கோழிதான் இந்த வைரஸுக்கு மிக இலகுவில் பலியாகும் பறவை. அதற்கே தொற்றவில்லை என்றால், புறா வெளியேற்றும் வைரஸின் அளவு மிகக் குறைவு என்பதே பொருள்.

ஏன் இப்படி? சாதாரண தர மாணவர்களுக்கு நான் பூட்டையும் சாவியையும் கொண்டு இதை விளக்குவதுண்டு. வைரஸ் ஒரு கலத்தினுள் நுழைவதற்கு முதலில் அந்தக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள சயலிக் அமிலம் என்ற மூலக்கூறில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதில் பல வகைகள் உண்டு. பறவை வைரஸுக்குப் பொருந்தும் வகை கோழியின் சுவாசப் பாதையில் தாராளமாக இருக்கிறது. புறாவின் சுவாசப் பாதையில் அது குறைவு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாவி இருக்கிறது, ஆனால் பூட்டுகள் குறைவு. புறாவின் எதிர்ப்புச் சக்திக்கு இது ஒரு காரணம் மாத்திரமே, முழுக் காரணம் அல்ல.

தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலியா அபொல்னிக் என்ற ஆய்வாளர், புறாக்கள் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 2014 இல் ஒன்றுதிரட்டிப் பரிசீலித்தார். புறாக்களுக்குத் தொற்று ஏற்படக்கூடும். எனினும் பறவைக் காய்ச்சலைப் பரப்புவதில் அவற்றின் பங்கு சிறியது என்பதே அந்தப் பரிசீலனையின் சாரம்.

ஷங்ஹாய் கற்றுத்தந்த பாடம்

புறா மீது முதலில் பழி விழுந்து, பின்னர் உண்மை வேறாக இருந்த மிகப் பெரிய சம்பவம் 2013 இல் சீனாவில் நடந்தது. அவ்வருடம் மார்ச் 31 ஆம் திகதி, எச்7என்9 என்ற புதிய வகை மூன்று மனிதருக்குத் தொற்றியிருப்பதாகச் சீனா அறிவித்தது. இருவர் ஷங்ஹாய் நகரத்தவர்; ஒருவர் அன்ஹுய் மாகாணத்தவர். நான்கே நாட்களில், ஷங்ஹாய் நகரின் ஹுஹுவாய் மொத்தச் சந்தையில் எடுக்கப்பட்ட புறா மாதிரிகளில் அந்த வைரஸ் இருப்பதாகச் செய்தி வந்தது. அந்தச் சந்தையில் மாத்திரம் 20,000 க்கும் அதிகமான பறவைகள் கொல்லப்பட்டன. உலகப் பத்திரிகைகள் எல்லாம் "புறாவில் வைரஸ்" என்று தலைப்பிட்டன.

ஆனால் அந்தப் புறாக்கள் இருந்த இடத்தைக் கவனியுங்கள். சீனாவில் புறா இறைச்சி விருப்பமான உணவு. சந்தையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் காடைக்கூடு, அதற்குப் பக்கத்தில் புறாக்கூடு. ஒரே தண்ணீர், ஒரே தரை, ஒரே கைகள். அப்படியான சந்தையில் ஒரு புறாவில் வைரஸ் கண்டெடுக்கப்படுவது ஆச்சரியமல்ல. அது அந்தப் புறாவிலிருந்து புறப்பட்டதா, அல்லது அதற்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

பின்னர் செய்யப்பட்ட பரிசோதனைகள் இதற்கு விடை தந்தன. எச்7என்9 வைரஸைக் கோழி, காடை, வாத்து, புறா ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கோழியும் காடையும் பெருமளவில் வைரஸை வெளியேற்றிப் பக்கத்திலிருந்த பறவைகளுக்கும் கொடுத்தன. புறா மிகக் குறைவாகவே வெளியேற்றியது. அடுத்த பறவைக்குக் கொடுக்கவில்லை. அதுமட்டுமல்ல, அப்போதைய எச்7என்9 வைரஸ் கோழியைக் கொல்லவும் இல்லை. பார்ப்பதற்குச் சுகமாக இருந்த கோழியே நோயைச் சுமந்தது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை.

நோயை உண்மையில் குறைத்தது எது? உயிருள்ள பறவைகளை விற்கும் சந்தைகளை மூடியமைதான். ஷங்ஹாய், ஹங்ஷோ, ஹுஷோ, நான்ஜிங் ஆகிய நான்கு நகரங்களில் சந்தைகள் மூடப்பட்டபோது, மனிதருக்கு ஏற்பட்ட புதிய தொற்றுகள் 97 முதல் 99 சதவீதம் வரை குறைந்ததாக லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு கூறியது. பின்னர் சந்தைகள் திறக்கப்பட்டன. குளிர்காலத்தில் நோய் திரும்பியது. ஐந்து அலைகளில் 1,500 க்கும் அதிகமானோருக்குத் தொற்றியது. 600 க்கும் அதிகமானோர் இறந்தனர். 2017 இல் சீனா முழுவதும் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரே மனிதத் தொற்றுகள் சரிந்தன. சந்தையை மூடியதாலும் கோழிக்கு ஊசி போட்டதாலும் அடங்கிய நோய் அது. நகரத்துப் புறாக்களைக் கொன்றதால் அடங்கியதல்ல.

எகிப்தின் வீட்டுக் கூரைகள்

புறாவோடு நெருக்கமாக வாழும் சமூகம் என்றால் எகிப்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நைல் வடிநிலத்துக் கிராமங்களில் களிமண்ணால் கட்டப்பட்ட உயரமான புறாக் கோபுரங்கள் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. அரிசியோ உடைத்த கோதுமையோ நிரப்பிச் சமைத்த புறா அங்கே விருந்துணவு. 2006 பெப்ரவரியில் எச்5என்1 எகிப்துக்குள் நுழைந்தது. அடுத்த பத்து வருடங்களில் 350 க்கும் அதிகமான மனிதருக்குத் தொற்றி, ஏறத்தாழ 120 பேர் உயிரிழந்தனர்.

எகிப்தில் சில புறாக்களிலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. நோய் எங்கும் பரவிக் கிடந்த நாட்டில் அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் நோய்ப்பட்ட மனிதர் யார்? பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். வீட்டு முற்றத்திலும் கூரையிலும் கோழியும் வாத்தும் வளர்த்தவர்கள், தீன் போட்டவர்கள், கூட்டைச் சுத்தம் செய்தவர்கள், வீட்டிலேயே அறுத்து இறகு பிடுங்கியவர்கள். கூரைகளில் பறவை வளர்ப்பதை நிறுத்துமாறு அரசாங்கம் கூறியபோது ஏழைக் குடும்பங்கள் தங்கள் கோழிகளை மறைத்தன. அந்த முட்டையும் இறைச்சியும்தான் அவர்களது வீட்டுப் பொருளாதாரம். கோழி செத்தால் சொல்லாமல் விட்டார்கள். நோய் வந்தால் கோழியைத் தொட்டதாக வைத்தியரிடம் கூறத் தயங்கினார்கள். அதனால் சிகிச்சை தாமதித்தது.

எமது ஊர்களிலும் ஊர்க்கோழி வளர்ப்பது பெரும்பாலும் உம்மாமார், ராத்தாமார் கைகளில்தான் இருக்கிறது. ஆனால் பறவைக் காய்ச்சல் பற்றிப் பேசும்போது நாம் பேசுவதோ மினாராப் புறாவைப் பற்றி. அந்தப் பெண்களிடம் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

புறாவில் ஆபத்தே இல்லையா?

அப்படியும் இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டிய சில விடயங்கள் உண்டு.

முதலாவது, புறா தனது உடலினுள் வைரஸை வளர்க்காவிட்டாலும் காலிலும் இறகிலும் சுமந்து செல்லக்கூடும். நோய்ப்பட்ட பண்ணையில் சிந்திய தீனைத் தின்ற புறா அடுத்த பண்ணையில் போய் இறங்கினால், அதன் காலில் ஒட்டிய எச்சம் அங்கே விழும். இதையே எலியும் செய்யும். பண்ணைக்குப் பண்ணை செல்லும் லொறியின் சக்கரமும் மனிதரின் செருப்பும் இன்னும் அதிகமாகச் செய்யும். இதற்குத் தீர்வு கோழிக்கூட்டுக்குக் கம்பி வலை அடிப்பதும் தீனை மூடி வைப்பதும் ஆகும்.

இரண்டாவது, வைரஸ் நிலையாக நிற்பதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் கறவைப் பசுக்களுக்கு எச்5என்1 தொற்றியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நோய்ப்பட்ட பசுவின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் இறந்தன. பசுவுக்கு இது வரும் என்று அதற்கு முன்னர் பெரும்பாலானோர் எதிர்பார்க்கவில்லை. எனவே இன்று புறாவைப் பற்றிச் சொல்வது என்றென்றைக்குமான உத்தரவாதம் அல்ல. புதிய ஆய்வு வந்தால் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, புறாக்களுக்கென்று வேறு நோய்கள் உண்டு. கழுத்து முறுகி, தலை பின்பக்கம் திரும்பி, பச்சையாகக் கழிந்து புறாக்கள் இறப்பதைக் கண்டால் பலர் பறவைக் காய்ச்சல் என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது பரமிக்சோ வைரஸ் நோய். கோழிகளுக்கு வரும் ராணிக்கட் நோயின் நெருங்கிய உறவு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கால்நடை வைத்தியரிடம் காட்டி மாதிரி அனுப்பினால்தான் தெரியும்.

நான்காவது, புறா எச்சத்தால் மனிதருக்கு வரும் உண்மையான தீங்கு பெரும்பாலும் சுவாசம் சார்ந்தது. காய்ந்த எச்சத் தூசியை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை ஏற்படலாம். சிட்டகோசிஸ் எனும் பக்றீரியாத் தொற்றும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கிரிப்டோகொக்கஸ் எனும் பங்கசுத் தொற்றும் ஏற்படக்கூடும். 2025 ஜூலையில் மும்பை மாநகராட்சி, புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடங்களை மூடத் தொடங்கியதற்குக் காட்டிய காரணமும் இந்தச் சுவாச நோய்கள்தான். பறவைக் காய்ச்சல் அல்ல. பள்ளிவாசல் கூரையில் எச்சம் குவிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வைரஸ் புரளி தேவையில்லை.

காகத்தையும் மறந்துவிடக் கூடாது. 2020 டிசம்பர் இறுதியில் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் ஜாலாவார் என்ற இடத்தில் காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன. அவற்றில் எச்5என்8 வைரஸ் உறுதி செய்யப்பட்டது. எமது நாட்டில் எச்சரிக்கை மணி அடிக்கக்கூடிய பறவை ஒன்று இருக்குமானால் அது குப்பை மேட்டில் இருக்கும் காகம்தான். மன்னார், பூந்தல போன்ற இடங்களுக்கு ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வந்து தங்கும் வலசைப் பறவைகளும் கவனத்துக்குரியவை. அவற்றைச் சுடுவதால் எதுவும் தீராது. செத்துக் கிடந்தால் அறிவிப்பதே தேவை.

"வரலாம்" என்பதும் "வருகிறது" என்பதும்

ஒரு விடயம் நடக்கக்கூடியது என்பதற்கும் அது நடக்கிறது என்பதற்கும் இடையிலான வித்தியாசத்தை இலங்கை முஸ்லிம்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. கொவிட் காலத்தில், அடக்கம் செய்தால் நிலத்தடி நீரினூடாக வைரஸ் பரவலாம் என்ற ஒரு "லாம்" போதுமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும், 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோருவதென அமைச்சரவை 2024 ஜூலையில்தான் தீர்மானித்தது.

ஒரு புறாவின் உயிரையும் ஒரு ஜனாஸாவின் கண்ணியத்தையும் நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடவும் முடியாது. நான் சொல்ல வருவது சிந்திக்கும் முறையைப் பற்றி மாத்திரமே. அன்று நாம் கேட்ட கேள்வி: ஆதாரம் எங்கே? எந்த நிபுணர் சொன்னார்? எந்தப் பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது? அந்தக் கேள்வியை எமக்கு எதிராக அச்சம் வரும்போது மாத்திரம் கேட்டு, எமது கையால் ஒரு குரல் பதிவை அனுப்பும்போது மறந்துவிட்டால், அன்றைய அநியாயத்திலிருந்து நாம் எதையும் கற்கவில்லை என்றாகிவிடும்.

பிழையான அச்சத்துக்கு ஒரு விலை உண்டு. புறாவைத் துரத்திவிட்ட ஊர் தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கும். கோழிக்கூடு அப்படியே திறந்து கிடக்கும். கோழிக்கடையில் வேலை செய்யும் இளைஞர் வெறுங்கையோடு நாளைக்கு நூறு கோழிகளை அறுத்து இறகு நீக்கிக்கொண்டிருப்பார். நோய் வந்தால் முதலில் சுகவீனமுறப்போவது அவரும், வீட்டில் கோழி வளர்க்கும் அந்த உம்மாவும்தான்.

செய்ய வேண்டியவை

1. கோழி, வாத்து, காகம் எதுவானாலும் திடீரெனப் பல பறவைகள் ஒன்றாக இறந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. சுகவீனமான கோழியை அவசரமாக அறுத்துச் சமைக்கவோ விற்கவோ கூடாது. பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிக்க வேண்டும்.

2. புறா வளர்ப்பவர்கள் புறாக்கூட்டைக் கோழிக்கூட்டிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். தீனும் தண்ணீரும் வெவ்வேறாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய புதிய சோடியை இரண்டு மூன்று கிழமைகள் தனியாக வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

3. கோழிக்கடைக்காரர்கள் ஹொங்கொங்கைப் பார்க்கலாம். அங்கே 2001 முதல் மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கடைகளையும் காலி செய்து கழுவும் முறை கொண்டுவரப்பட்டது. 2008 முதல் உயிருள்ள கோழிகளை இரவில் கடையில் வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டது. எமது வர்த்தகர் சங்கங்கள் விரும்பினால், கூட்டை வெறுமையாக்கிக் கழுவிக் காயவிடும் ஒரு நாளைத் தாங்களாகவே வைத்துக்கொள்ளலாம். அறுப்பவருக்குக் கையுறையும் முகக் கவசமும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல. காடை, வாத்து, புறா ஆகியவற்றைக் கோழியோடு அடுக்கி விற்பதை நிறுத்த வேண்டும்.

4. பள்ளிவாசல் நிர்வாக சபைகள் மினாராவிலும் கூரையிலும் உள்ள திறப்புகளுக்கு வலை அடிக்கலாம். எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக் கவசம் அணிந்து அகற்ற வேண்டும். நஞ்சு வைப்பதோ சுடுவதோ தேவையற்றது. செத்த புறாவைத் தின்னும் பூனையும் காகமும் வேறு அந்த நஞ்சுக்குப் பலியாகும்.

5. இறைச்சியையும் முட்டையையும் நன்றாகச் சமைத்து உண்ண வேண்டும். 70 பாகை செல்சியசுக்கு மேல் முழுமையாக வெந்தால் வைரஸ் உயிர் வாழாது. 2025 மார்ச்சில் ஆந்திரப் பிரதேசத்தில் எச்5என்1 தொற்றி இறந்த இரண்டு வயதுக் குழந்தை பச்சைக் கோழி இறைச்சித் துண்டைத் தின்றிருந்ததாக அறிக்கையிடப்பட்டது. கறி ஆக்கும்போது பிள்ளைகளைப் பச்சை இறைச்சியில் கை வைக்க விடக் கூடாது.

6. அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் கோழி செத்தால் யாரிடம் சொல்வது, பறவைகளை அழிக்க நேர்ந்தால் ஏழைக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது கிராமத்து மக்களுக்கு அவர்களது மொழியில் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். நட்டம் மாத்திரமே கிடைக்கும் என்று நினைப்பவர் நோயை மறைப்பார். எகிப்தில் நடந்தது இதுதான்.

ஜும்ஆவுக்குப் பின்னர் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பிரதேசக் கால்நடை வைத்தியரை அழைத்துப் பேசச் செய்தால் இவற்றில் அரைவாசி நடந்துவிடும். பெண்கள் பகுதிக்கும் அந்தப் பேச்சு சென்றடைய வேண்டும். கோழிக்குத் தீன் போடுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த முறை வட்ஸ்அப்பில் புறாப் படம் வந்தால் அதை அனுப்பியவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உங்கட வீட்டுக் கோழி ராவைக்கு எங்க அடையுது?"